ஒரே கணக்கில் 3, −3 இரண்டும் வருகிறது, எங்கே தப்பு?

பாபின்கேஸ் (ஈரோடு), இரவு 11.20

வணக்கம். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். பிளவுஸ் கழுத்து வளைவைக் கண் அளவிலேயே வெட்டிவிடுவேன், ஆனால் இந்த வளைவரை இரண்டு நாளாக என்னைப் படுத்துகிறது. மகன் பிளஸ் ஒன், தமிழ் வழி. நான் பிளஸ் டூ முடித்து 22 வருஷம் ஆகிறது. டியூஷனுக்கு அனுப்ப இப்போதைக்கு முடியாது, அதனால் அவன் நோட்டை வாங்கி நானும் கூடவே போட்டுப் பார்க்கிறேன். (உண்மையைச் சொன்னால், எனக்கே ஆசைதான்.)

போனில் ஆங்கிலத்துக்கு மாற்றி மாற்றி அடிக்க வரவில்லை. எக்ஸ், ஒய் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இது: ஒரு வளைவரையின் சாய்வு 3எக்ஸ்² + ஏ எக்ஸ் + பி. அது (0, 4) வழியாகப் போகிறது. (1, 8) என்ற புள்ளியில் அதன் தொடுகோடு எக்ஸ் அச்சுக்கு இணை. வளைவரையின் சமன்பாடு காண்க.

நான் போட்டது. தொகையிட்டால்
ஒய் = எக்ஸ்³ + ஏ எக்ஸ்² + பி எக்ஸ் + சி
(0, 4) போட்டதும் சி = 4 வந்துவிட்டது. (1, 8) போட்டால் 1 + ஏ + பி + 4 = 8, அதாவது ஏ + பி = 3.
தொடுகோடு அச்சுக்கு இணை என்றால் சாய்வு 0. அப்போது 3 + ஏ + பி = 0, அதாவது ஏ + பி = −3.

ஒரே கூட்டல் எப்படி 3 ஆகவும் −3 ஆகவும் இருக்கும்? நாலு தரம் போட்டுவிட்டேன். "அச்சுப்பிழை, விடும்மா" என்று சொல்லிவிட்டு அவன் தூங்கிவிட்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

---

சும்மா_ஒருவன், இரவு 11.41

பையன் சொல்வது சரி. (1, 8) இல்லை, (1, 2) ஆக இருக்கும். 2 போட்டால் இரண்டு பக்கமும் −3 வரும் பாருங்கள்.

---

சாக்பீஸ்தூள், இரவு 11.58

அக்கா, கேள்வியில் பிழை இல்லை. மேலே சொன்னபடி (1, 2) என்று மாற்றினால் சண்டை தீரும்தான், ஆனால் ஒரே சமன்பாடு இரண்டு முறை கிடைக்கும். ஏ, பி இரண்டுக்கும் கணக்கில்லாத விடைகள் வரும். அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள்.

நீங்கள் எழுதிய ஒய்யை மறுபடி வகையிடுங்கள். ஏ எக்ஸ்² என்பது 2ஏ எக்ஸ் ஆகும். கேள்வியில் இருப்பதோ ஏ எக்ஸ். ஆக, தொகையிடும்போது அது (ஏ/2) எக்ஸ்² ஆகியிருக்க வேண்டும். அந்த அரைதான் விட்டுப்போனது.

பன்னிரண்டு வருஷமாக டியூஷன் எடுக்கிறேன், இந்த இடத்தில் சறுக்காத பிள்ளைகள் குறைவு. காரணம் அந்த முதல் உறுப்புதான். 3எக்ஸ்² தொகையிட்டால் 3எக்ஸ்³/3, மேலும் கீழும் 3 அடிபட்டு எக்ஸ்³ என்று சுத்தமாக வந்துவிடுகிறது. அந்த ஜோரில் அடுத்த உறுப்பிலும் அடுக்கை மட்டும் ஏற்றிவிட்டு, வகுக்க மறந்துவிடுகிறோம். ஏ என்று எழுத்தாக இருப்பதால் கண்ணும் உறுத்தாது. 5எக்ஸ் என்று இருந்திருந்தால் 5/2 என்று உடனே எழுதியிருப்பீர்கள்.

இப்போது திருத்தினால்:
ஒய் = எக்ஸ்³ + (ஏ/2) எக்ஸ்² + பி எக்ஸ் + 4
(1, 8) போட்டால் ஏ/2 + பி = 3
சாய்விலிருந்து ஏ + பி = −3 (இது நீங்கள் போட்டது, சரிதான்)
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஏ/2 = −6, ஏ = −12, பி = 9.

விடை: ஒய் = எக்ஸ்³ − 6எக்ஸ்² + 9எக்ஸ் + 4.
சரிபார்க்க: எக்ஸ் = 1 எனில் 1 − 6 + 9 + 4 = 8. சாய்வு 3 − 12 + 9 = 0.

நீங்கள் சரியாகச் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். "தெரியாதது ஏ, பி, சி என மூன்று, கொடுத்த புள்ளி இரண்டுதான், எப்படி டீச்சர் போடுவது?" என்று பேனாவைக் கீழே வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். (1, 8) ஒரு புள்ளிதான், ஆனால் வளைவரை அந்த இடத்தைத் தொடுகிறது என்பது ஒரு தகவல், அங்கே சாய்வு 0 என்பது இன்னொன்று. அதை நீங்கள் கேட்காமலே பிரித்து எழுதிவிட்டீர்கள்.

---

ஷட்டரிங்_பலகை, காலை 6.15

டீச்சர் சொன்ன அந்த "ஒரு புள்ளி, இரண்டு தகவல்" எனக்கு சைட்டில்தான் புரிந்தது. நான் சிவில். ஜன்னல் மேல் போடுகிறோமே சன்ஷேடு, ஒரு பக்கம் சுவரில் புதைந்து மறுபக்கம் அந்தரத்தில் நிற்கும். சுமையால் அது எப்படி வளைகிறது என்பதற்கு ஒரு சமன்பாடு உண்டு. அதற்கு இரண்டு தடவை தொகையிட வேண்டும், அதனால் இரண்டு மாறிலிகள் வரும். இரண்டுக்கும் விடை சுவரோரத்தில் ஒரே புள்ளியில் இருக்கிறது: அந்த இடம் கீழே இறங்காது, சாயவும் சாயாது. உங்கள் (1, 8) மாதிரியேதான்.

இரண்டு முனையிலும் தூண்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் உத்தரம் என்றால் கதை வேறு. முனைகள் சாயலாம், இறங்கக் கூடாது. ஆக, முனைக்கு ஒரு தகவல். அங்கே மாறிலியை விட்டுவிட்டுத் தொகையிட்டால், இடது முனை தூண்மேல் சரியாக இருக்கும், வலது முனை தூணை விட்டு மேலே எழும்பி நிற்கும்! படிக்கிற காலத்தில் அப்படி ஒரு படம் வரைந்து வகுப்பே சிரித்தது.

இன்னொன்று. அதே உத்தரம், அதே நீளம், நீளம் முழுக்க அதே சீரான சுமை. தூண்மேல் கிடக்கும்போது நடுவில் எவ்வளவு தொய்கிறதோ, அதைப் போல 9.6 மடங்கு அந்தரத்து முனையில் தொய்யும், ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடித்து விட்டால். தொய்வுச் சூத்திரத்தின் முன்னால் நிற்கும் எண் தூண்மேல் கிடப்பதற்கு 5/384 என்று வரும், சுவரில் பிடித்ததற்கு 1/8. தொகையிடுவதெல்லாம் அதே மாதிரிதான், முனைகளை எப்படிப் பிடித்திருக்கிறோம் என்பதுதான் வேறு.

---

பனங்கூடல், காலை 7.02

நாங்கள் யாழ்ப்பாணத்தில் சாய்வைப் படித்திறன் என்றும் வளைவரையை வளையி என்றும் படித்தோம். ஒரு நிமிடம் குழம்பிப் பிறகு விளங்கியது. அக்கா, அந்தப் படித்திறன் 3(எக்ஸ் − 1)(எக்ஸ் − 3) என்று பிரியும். அதாவது எக்ஸ் = 3 இலும் பூச்சியம்தான். கீறிப் பாருங்கோ, வடிவாக இருக்கும்.

---

பாபின்கேஸ், காலை 9.40

எல்லோருக்கும் நன்றி. டீச்சர், அந்த அரையை நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்தேன். மகனை எழுப்பி "அச்சுப்பிழை இல்லைடா, அம்மா பிழை" என்றேன். அவன் நோட்டைத் திருப்பிக் காட்டினான், அவனும் அதே ஏ எக்ஸ்² தான் எழுதி வைத்திருக்கிறான். என்னைப் பார்த்து எழுதினானா, தானாகவே எழுதினானா என்று கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னதற்காக, பேட்டர்ன் வெட்டும் பிரவுன் பேப்பரில் இன்ச் ஸ்கேல் வைத்து வரைந்தேன். 0, 1, 2, 3, 4 போட்டால் 4, 8, 6, 4, 8 வருகிறது. 1-இல் மேடு, 3-இல் பள்ளம், நீங்கள் சொன்னபடியே. பார்த்தால் ஸ்லீவ் வெட்டுகிற வளைவு மாதிரியே இருக்கிறது, ஒரு பக்கம் மேடாக எழும்பி மறுபக்கம் குழிந்து. மேடு பள்ளமாக மாறுகிற இடம் சரியாக 2 மாதிரித் தெரிகிறது. அதையும் கணக்காகப் போட்டுக் கண்டுபிடிக்க முடியுமா, இல்லை கண்ணால் பார்ப்பதோடு சரியா?

---

சாக்பீஸ்தூள், காலை 10.05

முடியும் அக்கா. சாய்வை இன்னொரு தடவை வகையிட்டு 0-வுக்குச் சமப்படுத்துங்கள். 6எக்ஸ் − 12 = 0. உங்கள் கண் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.