முதல் போன் யாருக்கு?

கஷ்டம் வந்தால் முதலில் ஜெபம், மற்றதெல்லாம் அப்புறம் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் கையில் போன் இருக்கிற காலத்தில் முழங்கால் தரையில் படுவதற்குள் நாலு பேருக்குப் போன் போட்டு முடித்திருப்போம். எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

நண்பர் ஒருவரின் தொழில் கடனுக்கு நான் ஜாமீன், வீட்டுப் பத்திரமும் அதில் மாட்டியிருந்தது. அவர் தவணை கட்டாமல் விட்டதில் சர்பாசி சட்டப்படி (கடன் நின்றுபோனால் அடமானச் சொத்தை வங்கியே எடுத்துக்கொள்ள வழிசெய்கிற சட்டம்) வங்கியிலிருந்து எனக்கும் நோட்டீஸ் வந்துவிட்டது. பதிவுத் தபால், நாலைந்து பக்கம், நடுவில் நான் கனவிலும் பார்க்காத ஒரு தொகை. மச்சானைக் கூப்பிடவா, வக்கீலைக் கூப்பிடவா, நேராக அந்த ஆள் வீட்டுக்கே போய்ச் சட்டையைப் பிடிக்கவா என்று நான் கொதித்துக்கொண்டிருக்க, என் மனைவி அதை வாங்கிப் பக்கம் பக்கமாகக் கட்டில் மேல் விரித்தாள். அசீரிய ராஜா சனகெரிப் மிரட்டி அனுப்பிய கடிதத்தை யூதாவின் ராஜா எசேக்கியா ஆலயத்தில் விரித்து வைத்து ஜெபித்தாரே, அதேதான். இரண்டு பேரும் முழங்கால் போட்டோம். "ஆண்டவரே, இதைப் பாரும்" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. ஃபேன் காற்றில் காகிதம் பறக்காமல் இருக்க அவள் ஒரு மூலையில் வேதாகமத்தை வைத்திருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எழுந்த பிறகுதான் நோட்டீஸை ஒழுங்காகப் படித்தேன். பணம் கட்ட 60 நாள் அவகாசம் என்று அதிலேயே போட்டிருக்கிறது. எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று மறுநாள் வக்கீல் சொன்னார். கடன் ஒன்றும் மாயமாய் மறையவில்லை. ஊரில் இருந்த கொஞ்சம் நிலத்தை விற்று, பேசி முடித்து, வீடு தப்பியது. நண்பரிடம் சண்டைக்குப் போகாததால் அவரும் ஒருநாள் தன் பங்குக்கு ஒரு தொகையைக் கொண்டுவந்து கொடுத்தார், போயிருந்தால் அந்தக் கதவு சாத்தியே இருந்திருக்கும்.

இன்னொன்று, எசேக்கியாவும் முதலில் பணத்தைக் கொடுத்துத்தான் பார்த்தார். 300 தாலந்து (அந்தக் கால எடை) வெள்ளி, 30 தாலந்து பொன், ஆலயக் கதவில் இருந்த பொன் தகட்டைக்கூடக் கழற்றினார். அதற்கப்புறமும் அசீரியப் படை வந்து நின்றது. அது வேதாகமத்தில் 2 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரம், கடிதத்தை விரித்தது 19. பிரசங்கங்களில் 19-ஐத்தான் அதிகம் கேட்கிறோம்.

*

அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்தேன், நான் நர்ஸ். ஒருநாள் விடியற்காலையில் எங்கள் அத்தைக்கு வாய் ஒரு பக்கம் கோணியது, பேச்சு குழறியது. முதலில் எண்ணெய் பூசி ஜெபிப்போம், சபை ஐயர் (போதகர்) வரட்டும் என்று வீட்டில் ஒருவர் சொல்ல, நான் 108-க்குப் போட்டுக்கொண்டேதான் ஜெபித்தேன். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதைவிட முந்தினால் இன்னும் நல்லது. முதலில் ஜெபம் என்றால் ஆம்புலன்ஸைக் காக்க வைப்பது இல்லை. வேதாகமத்தில் பெர்சிய ராஜாவிடம் வேலை பார்த்த நெகேமியா, ராஜா கேட்ட கேள்விக்கும் தான் சொன்ன பதிலுக்கும் நடுவில் ஜெபித்தவர், அதற்கு எத்தனை விநாடி ஆகியிருக்கும்? ஐயர் ஆஸ்பத்திரிக்கே வந்து ஜெபித்தார். அத்தை இப்போது நடக்கிறார்கள். வலது கைதான் முழுசாகத் திரும்பவில்லை, சாப்பிடும்போது ஸ்பூன் நழுவும், நழுவுகிறபோதெல்லாம் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுக் கீழே தேடுவார்கள், எனக்குச் சிரிப்பும் வரும் கண்ணீரும் வரும்.

*

உங்கள் இரண்டு பேரைப் போல ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது என்று சாட்சி சொல்ல எனக்கு இன்னும் ஒன்றும் இல்லை. நாள்பட்ட முதுகுவலி. ஜெபிக்கிறேன், வலி அப்படியே இருக்கிறது. "விசுவாசம் குறைவு" என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம் டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பற்றிக் கேட்க வேண்டும் போல இருக்கும். 1931-ல் விழுந்து அடிபட்டவர், 1951-ல் கண்மூடும் வரை பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்தார், அங்கிருந்தே எழுதினார். அவருக்கா ஜெபிக்கத் தெரியாது? காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே வலி தெரிந்துவிடும், ஜெபமும் அங்கேயே ஆரம்பித்துவிடும், மாத்திரை காப்பி குடித்த பிறகுதான். புதன்கிழமை ஸ்கேன் எடுக்கப் போகிறேன். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.