பிரேக் விளக்கு எரியாமல் போனபோது: உங்கள் அனுபவங்கள்

நெடுஞ்சாலை:
சிக்னலில் பின்னால் நின்ற லாரி ஓட்டுநர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, "நீங்கள் பிரேக் பிடிப்பதே தெரியவில்லை சார், இடித்திருப்பேன்" என்று சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது. பல்பும் ஃபியூஸும் நன்றாகவே இருந்தன. மெக்கானிக் பெடலுக்கு மேலே உள்ள சுவிட்சின் கப்ளரை (ஒயர்கள் வந்து சேரும் இணைப்பியை) கழற்றி, பிரேக் விளக்குக்குரிய இரு முனைகளையும் ஒரு சிறு ஒயரால் இணைத்ததும் பின்னாலிருந்த சுவர் சிவந்தது. பழுது சுவிட்சில்தான். சில நாள்களாகவே பெடலை அழுத்தினாலும் ஆட்டோமேட்டிக் கியர் 'பி' (பார்க்கிங்) நிலையிலிருந்து நகர மறுத்ததற்கும் அதே சுவிட்ச்தான் காரணம் என்று அவர் சொன்னபோது, இதை யாருமே முன்பு சொல்லவில்லையே என்று ஆதங்கமாக இருந்தது.

பின்கதவு:
எங்கள் ஹேட்ச்பேக்கில் மேலே உள்ள மூன்றாவது விளக்கு மட்டும், கதவைத் தூக்கினால் எரியும், சாத்தினால் அணைந்துவிடும். கீல் அருகே ரப்பர் உறையை உருவிப் பார்த்தபோது ஒயர்கள் அனைத்தும் முழுதாகவே தெரிந்தன. ஒவ்வொன்றாக மெல்ல இழுத்துப் பார்த்தபோது ஒன்று மட்டும் ஜவ்வாக நீண்டது. மேலுறை அப்படியே இருக்க, உள்ளே செம்பு அறுந்திருந்தது.

திருப்புளி:
முதலில் எழுதியவரின் பதிவைப் படித்துவிட்டு எல்லோரும் சுவிட்ச் வாங்க ஓட வேண்டாம். எனக்கும் ஒருவர் சுவிட்சை மாற்றிக் கொடுத்தார், பயனில்லை. பிரேக்கை அழுத்தும்போது, விளக்கு எரியாத பக்கத்து இண்டிகேட்டர் மங்கலாக ஒளிர்ந்ததை அவர் கவனிக்கவே இல்லை. பல்பு ஹோல்டரில், மின்சாரம் பாடி வழியாகத் திரும்பிச் செல்லும் எர்த் முனை பச்சை பூத்துக் கிடந்தது. திரும்பிச் செல்ல வழியில்லாத மின்சாரம் பக்கத்து பல்பின் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: எதையும் கழற்றுவதற்கு முன்னால் மூன்று விளக்குகளில் எவை எரியவில்லை என்று பாருங்கள். மூன்றும் எரியாவிட்டால் ஃபியூஸ், அடுத்தது சுவிட்ச். மூன்றாவது மட்டும் எரிந்தால், பெரும்பாலான கார்களில் சுவிட்ச் நன்றாக இருக்கிறது என்று பொருள். பல்பு, ஹோல்டர், எர்த் என்று பின்பக்கமே தேட வேண்டும். வோல்ட் அளக்கும் மீட்டர் வைத்திருப்பவர்கள், பிரேக்கை அழுத்திய நிலையில், ஹோல்டரின் எர்த் முனைக்கும் பாடியின் பெயின்ட் இல்லாத உலோகத்துக்கும் இடையே அளந்து பார்க்கலாம். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. ஃபியூஸ் மீண்டும் மீண்டும் போனால் பெரிய ஃபியூஸைப் போடுவதுதான் மிக மோசமான வேலை. எங்கோ ஒயர் உரசிக்கொண்டிருக்கிறது, அதைக் கண்டுபிடியுங்கள்.

மாலைப்பயணம்:
திருப்புளி சொல்வது சரிதான், ஆனால் பல்பை இவ்வளவு எளிதாகக் கடந்துவிட்டது எனக்கு உடன்பாடில்லை. இரவில் பின்விளக்கு எரிகிறது, ஆகவே பல்பு நன்றாக இருக்கிறது என்று என்னிடம் சாதித்தார்கள். ஒரே பல்புக்குள் 5 வாட் இழை பின்விளக்குக்கும் 21 வாட் இழை பிரேக்குக்கும் தனித்தனியாக உள்ளன. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது மெல்லிய இழை முழுதாக நிற்க, தடித்தது அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.

நெடுஞ்சாலை:
எங்கள் காரில் எல்.இ.டி. விளக்குகள், இழை பார்க்க வழியே இல்லை.