மறு: சூழல் மானியமா, சூழற்பயன் கொள்முதலா?

நண்பர்களுக்கு வணக்கம். காடும் வயலும் தரும் சூழல் பயன்களுக்காக நிலத்துக்காரருக்கு அரசு பணம் தரும் திட்டத்தை (ஆங்கிலத்தில் payments for ecosystem services) தமிழில் எப்படிச் சொல்வது என்று நம் குழுவில் எழுந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> காட்டைக் காப்பவர்களுக்கும் மரம் வளர்க்கும் உழவர்களுக்கும் அரசு தரும் பணத்துக்குச் ‘சூழல் மானியம்’ போதாதா? எல்லாருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். உர மானியம், சொட்டுநீர் மானியம் என்னும்போது உழவர் வாங்கும் பொருளின் விலையில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது, அவர் பயனாளி. நாம் பேசும் திட்டத்தில் நிலத்துக்காரர் எதையும் வாங்கவில்லை, தருகிறார். அவர் காட்டை அழிக்காமல் வைத்திருப்பதால் கீழே இருக்கும் ஊருக்குத் தண்ணீர் வருகிறது.

இந்தத் திட்டத்துக்கு முன்னோடியான மத்திய அமெரிக்க நாடு கோஸ்ட்டா ரிக்காவைப் பாருங்கள். 1980களில் அங்கே காடு நாட்டின் பரப்பில் ஏறக்குறைய கால் பங்காகச் சுருங்கியிருந்தது. இன்று பாதிக்கு மேல். (மாட்டிறைச்சி விலை சரிந்து மேய்ச்சல் நிலங்கள் கைவிடப்பட்டதும் இதற்கு ஒரு காரணம், திட்டம் மட்டுமே சாதித்தது என்று எழுதிவிடக் கூடாது.) முதலில் மரம் நடுவோருக்கு வரிச்சலுகையும் வரி கட்டப் பயன்படும் சான்றிதழ்களும் தந்தார்கள். அவை மானியங்கள்தான். 1996-இல் வந்த 7575-ஆம் எண் வனச்சட்டம் அடிப்படையையே மாற்றியது. கரியமில வாயுவைப் பிடித்து வைப்பது, நீரைக் காப்பது, பல்லுயிர் வளம், இயற்கை அழகு என்று காடு தரும் நான்கு பயன்களைச் சட்டமே பெயர் சொல்லிக் குறித்தது. ஃபோனாஃபிஃபோ என்ற தேசிய வன நிதியம் நிலத்துக்காரரோடு ஒப்பந்தம் போடுகிறது. அதன்படி அந்தப் பயன்கள்மீதான உரிமையை அவர் நிதியத்துக்கு எழுதிக்கொடுக்கிறார். காப்புக் காட்டுக்கு ஹெக்டேர் கணக்கு, வயலோடு மரம் வளர்ப்பவருக்கு மரக் கணக்கு. பணத்தின் பெரும்பகுதி எரிபொருள் வரியிலிருந்து வருகிறது. 2001 முதல் அந்த வரி வருவாயில் 3.5 விழுக்காடு இதற்கென்று ஒதுக்கப்பட்டது.

உரிமையை எழுதிக்கொடுத்து, அளந்து, பணம் பெறுவது விற்பனை. வாங்குவது அரசு. அரசு வாங்குவதற்கு நம் உழவர்கள் நாள்தோறும் புழங்கும் சொல் ஒன்று இருக்கிறது: கொள்முதல். நெல் கொள்முதல் நிலையத்தில் நிற்பவர் தன் விளைச்சலுக்கு விலை கேட்டு நிற்கிறார். அந்த நிலை இவருக்கும் வேண்டும் என்பதால் என் பரிந்துரை இது: காடும் வயலும் தருவது சூழற்பயன், திட்டம் சூழற்பயன் கொள்முதல், கைக்கு வருவது கொள்முதல் தொகை.

குழுவில் வந்த மற்ற சொற்களையும் எண்ணிப் பார்த்தேன். ‘சூழல் சேவைக் கட்டணம்’ என்றால் மின்கட்டணம் போல உழவர்தான் கட்ட வேண்டும் என்று தோன்றும். ‘ஊக்கத்தொகை’ நெல்லின் ஆதரவு விலைக்கு மேல் மாநில அரசு தரும் பணத்துக்கு ஏற்கனவே ஆகிவிட்டது. ‘சூழலூதியம்’ அழகான ஆக்கம், எனக்கும் பிடித்தது. ஆனால் ஊதியம் என்றதும் முதலாளியும் வேலைக்காரரும் வந்துவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் சமமாகக் கையெழுத்துப் போட்டவரை அப்படிச் சொல்ல எனக்கு மனம் இல்லை.

> அப்படியானால் சூழலைக் காக்கும் உழவர்களுக்குப் பணம் தரும் ஐரோப்பியத் திட்டங்களுக்கும் இதே சொல்தானா?

எல்லாவற்றுக்கும் பொருந்தாது. உலக வணிக அமைப்பின் வேளாண் உடன்பாட்டில், இரண்டாம் இணைப்பின் 12-ஆம் பத்தி, சூழல் திட்டங்களுக்கான பணம் விதிகளைப் பின்பற்றுவதால் ஆகும் கூடுதல் செலவையோ இழந்த வருமானத்தையோ தாண்டக் கூடாது என்கிறது. ஐரோப்பாவில் பல திட்டங்கள் இந்தக் கணக்கில்தான் பணம் தருகின்றன. அது விலை ஆகாது, ஈடு. அதற்குச் ‘சூழற்காப்பு ஈட்டுத்தொகை’ என்று தனிச் சொல் வைப்போம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், உழவருக்குச் செலவுக்கு மேல் ஒரு காசும் தரக் கூடாதா என்ற கேள்வியையே தமிழில் கேட்க முடியாமல் போகும்.

இன்னொரு சொல் பாக்கி. கோஸ்ட்டா ரிக்காவில் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதை அதே 1996 சட்டம் தடை செய்கிறது. எப்படியும் வெட்ட முடியாத காட்டுக்கு ஏன் பணம் என்று ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். திட்டம் இல்லாவிட்டால் கிடைத்திருக்காத பயன் எவ்வளவு என்பதே அவர்கள் அளக்கப் பார்ப்பது. ஆங்கிலத்தில் additionality எனப்படும் அதை ‘மிகுபயன்’ எனலாமா? ‘கூடுதல் பயன்’ பேச்சுக்குச் சரி. அளவீட்டுச் சொல்லாக நிற்குமா என்று தெரியவில்லை. பொருளியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.