மலையே சரிந்த பிறகு எந்த நம்பிக்கை?

பச்சைத்தேயிலை (கோத்தகிரி):
போன ஞாயிறு எங்கள் சி.எஸ்.ஐ. கோயிலில் என்னைச் சாட்சி சொல்ல, அதாவது விசுவாசம் என் வாழ்க்கையில் எப்படி உதவியது என்று சபைமுன் பேச, கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் தவறி எட்டு மாதம் ஆகிறது. சிறுநீரகம் இரண்டும் போய், மூன்று வருடம் வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். விடியற்காலை முதல் பஸ்ஸில் கோயம்புத்தூருக்கு இறங்குவோம். திரும்பும்போது மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அவருக்கு நடுக்கம் எடுக்கும். என் சால்வையையும் அவர்மேல் போட்டுவிடுவேன். எங்கள் பச்சைத் தேயிலை விலை கிலோ 14 ரூபாய்க்கு இறங்கியதும் அந்தச் சமயம்தான், பறிகூலிக்கே கட்டவில்லை. அத்தனையிலும் எங்களை நிற்க வைத்தது விசுவாசம் என்று சபையில் சொன்னேன். வெளியே வந்ததும் பக்கத்துத் தோட்டத்துக்காரர், "அது மனசை ஏமாத்திக்கிறதும்மா" என்றார். நான்கு நாளாக அது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

லயத்துப்பையன் (குன்னூர்):
அக்கா, உங்கள் துக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தத் தோட்டத்துக்காரர் பக்கம்தான் நான்.

1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் தினமும் ஏழு மணிக்கு ஜெபம். அத்தைதான் தொடங்குவார், எப்போதும் பைபிளின் 121ஆம் சங்கீதம்: "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." 2009 நவம்பர் மழையில் அந்தப் பர்வதமே எங்கள் மேல் இறங்கியது. நீலகிரியில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். அத்தையும் அதில் ஒருவர். மண்ணை வாரும்போது தேத்தண்ணிக் கேத்தல் கிடைத்தது, மூடி மூடியபடியே, ஒரு பக்கம் சப்பையாக நசுங்கி. மறுநாள்தான் அத்தையை எடுத்தார்கள்.

அடக்கத்தில் ஒருவர், "கர்த்தர் தமக்குப் பிரியமானவர்களைச் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்" என்றார். அன்றோடு கோயிலுக்குப் போவதை விட்டேன். மேலே சரிவை வெட்டி வீடு கட்டியது, தண்ணீர் போகிற வழியை அடைத்தது, இதையெல்லாம் அங்கே யாரும் பேசவில்லை. தேவசித்தம் என்று சொல்லிவிட்டால் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை, இல்லையா? அப்புறம், சாட்சி சொல்கிறவர்கள் எல்லாரும் பிழைத்தவர்கள். மண்ணுக்குள் போனவர்களின் சாட்சியை எந்தச் சபை கேட்டது?

ஜெபவீரன்:
சகோதரரே, விசுவாசம் கடுகளவு இருந்தாலும் மலை பெயரும் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். சகோதரியின் கணவருக்கும் முழு விசுவாசம் இருந்திருந்தால் சுகம் கிடைத்திருக்கும். நம் பக்கத்தில் குறை இருக்கும்போது கர்த்தர்மேல் பழி போடக்கூடாது.

பச்சைத்தேயிலை:
இப்படிச் சொல்லாதீர்கள் ஐயா. ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் எங்களிடமும் இதையே சொன்னார்கள். டயாலிசிஸை நிறுத்துங்கள், அது அவிசுவாசம் என்றார்கள். இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் எழுந்து அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டேன். நிறுத்தியிருந்தால் அவர் எத்தனை நாள் இருந்திருப்பார்? சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் "இந்தப் பாத்திரம் நீங்கட்டும்", அதாவது இந்தப் பாடு வேண்டாம் என்று இயேசு கேட்டார். நீங்கவில்லையே. அவருக்கும் விசுவாசம் குறைவா?

லயத்துத் தம்பி, உங்கள் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் நான் பிழைத்தவள் என்று சாட்சி சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் செத்துப் போனார் என்றுதான் ஆரம்பித்தேன். கடைசி மாதம் அவருக்கு 88ஆம் சங்கீதம் வாசிக்கச் சொன்னேன் என்று கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. அது இருட்டிலேயே முடிகிற சங்கீதம்; ஆறுதலாக ஒரு வரி சேர்த்து முடிக்கவில்லை. அதைக் கேட்டபிறகுதான் அவர் முதல்முறையாக வாய்விட்டு அழுதார். அதுவரை என்னிடம்கூட பயமாக இருக்கிறது என்று சொன்னதில்லை. நான் நம்பிக்கை என்று சொல்வது அதைத்தான். கடவுளிடம் சண்டை போட இடம் இருந்தது. அது இல்லாவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் உள்ளுக்குள்ளேயே உடைந்து போயிருப்போம்.

லயத்துப்பையன்:
அக்கா, இதை மதிக்கிறேன். ஆனால் அழுவதற்குக் கடவுள் எதற்கு? நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். சால்வை போட்டது நீங்கள்தான், வானத்திலிருந்து யாரும் போடவில்லை.

காந்தல்குருசடி (ஊட்டி):
நான் கத்தோலிக்கன், காந்தல் பங்குக் கோயிலைச் சேர்ந்தவன். தம்பி சொன்ன வசனத்தில் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் வாசித்தது பழைய மொழிபெயர்ப்பு. எங்கள் திருவிவிலியத்தில் அந்த வரி கேள்வியாக இருக்கிறது: மலைகளைப் பார்க்கிறேன், எங்கிருந்து எனக்கு உதவி வரும்? எபிரேய மூலத்திலும் 'எங்கிருந்து' என்ற கேள்விச் சொல்தான். எருசலேமுக்கு மலையேறிப் போன யாத்திரிகர்கள் பாடியது அது. மலையை நம்பியவன் பாட்டு என்று எனக்குப் படவில்லை, மலையைப் பார்த்து மிரண்டவன் பாட்டாகத்தான் படுகிறது. பதில் அடுத்த வரியில்: உதவி மலையிடமிருந்து இல்லை, வானமும் பூமியும் செய்தவரிடமிருந்து.

தேவசித்தம் பற்றிச் சொன்னதில் நான் உங்கள் பக்கம். அடைத்த ஓடையைக் கடவுள் தலையில் கட்டுவது பாவம்.

லயத்துப்பையன்:
அத்தை அதைக் கேள்வியாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒரு பயமும் இல்லாத குரலில்தான் சொல்வார். இல்லை, மழைக்காலத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொல்வார். இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

ஆனாலும் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது அண்ணா. செய்தவர் உதவி செய்பவர் என்றால், அன்றிரவு எங்கே இருந்தார்? இதற்கு மொழிபெயர்ப்பு பதில் ஆகாது.

காந்தல்குருசடி:
ஆகாதுதான். என்னிடமும் இல்லை. அடுத்த நாள் சேற்றில் இறங்கியவர்களோடு இருந்தார் என்று நம்புகிறேன். அதற்கு மேல் உங்களிடம் ஏதாவது சொன்னால் அது பொய்.

பச்சைத்தேயிலை:
தம்பி, ஒன்று கேட்கிறேன். எங்கள் கோயிலுக்குக் கீழே 12 வீடு இருக்கிறது. மேலே தண்ணீர்க் கால்வாயைக் குப்பையும் கட்டட மண்ணும் போட்டு மூடிவிட்டார்கள். தடுப்புச்சுவரும் கிடையாது. பெண்கள் ஐக்கியத்திலிருந்து கலெக்டருக்கு மனு எழுதுகிறோம். எங்களுக்கு எழுதத் தெரியவில்லை; "மழை வந்தால் பயமாக இருக்கிறது" என்பதற்கு மேல் வரவில்லை. எங்கே வெட்டினால் சரியும், எந்த வழி அடைபட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வரமுடியுமா? ஆராதனைக்கு வர வேண்டாம். வெளியே போர்ட்டிகோவில்தான் உட்கார்ந்து எழுதுவோம்.

லயத்துப்பையன்:
உள்ளே வரமாட்டேன் அக்கா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆராதனை எத்தனை மணிக்கு முடியும்?