தமிழ்நாட்டில் அரசு லாட்டரி திரும்ப வரலாமா?

கீழக்கரை சபுராளி:
தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது 2003 ஜனவரியில். சீட்டு நின்றதா? மண்டபம், பாம்பன், தொண்டி, எங்கே போனாலும் மூணு நம்பர் என்ற கள்ளச் சீட்டு ஓடுகிறது. நான் இருக்கிற சிங்கப்பூரில் கள்ளச் சூதை அடக்கத்தான் 1968-இல் சிங்கப்பூர் பூல்ஸ் என்ற அரசு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். டோட்டோ, 4டி என்று அங்கே ஓடுகிற லாட்டரி எல்லாம் அவர்கள் கையில்தான். உபரிப் பணம் பொதுக் காரியங்களுக்குப் போகிறது. நம் அரசும் அப்படி நடத்தினால் என்ன குறைந்துவிடும்?

பாம்பன் வலைக்காரி:
பாய், மூணு நம்பர் எதில் ஓடுகிறது தெரியுமா? கேரள அரசு லாட்டரியில்தான். மத்தியானம் மூணு மணிக்கு அங்கே குலுக்கல். முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தின் மேல் இங்கே பந்தயம். முன்பு சிகரெட் அட்டையைக் கிழித்து நம்பர் எழுதிக் கொடுப்பார்கள், இப்போது வாட்ஸ்அப். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் கணக்கில் ஏறுகிற அன்றைக்கு நம்பர் விற்கிற ஆள் டீக்கடை வாசலைவிட்டு நகர மாட்டான். அரசுச் சீட்டு இருப்பதால்தான் கள்ளச் சீட்டுக்கே நம்பர் கிடைக்கிறது. நாமும் ஒன்று தொடங்கினால் அவனுக்கு இரண்டு வேளை வியாபாரம்.

தொண்டி வாத்தியார்:
சட்டத்தையும் பார்த்துவிடுவோம். 1998-ஆம் வருஷத்து மத்தியச் சட்டப்படி, மாநில அரசு தன் முத்திரையோடு சீட்டு அச்சடிக்க வேண்டும், குலுக்கல் அந்த மாநிலத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது. கேரளம் கிழமைக்கு ஒரு பெயரில் சீட்டு விடுகிறது, கணக்கு சரியாகிவிடுகிறது! அவர்கள் 1967-இல் தொடங்கியவர்கள். காருண்யா லாட்டரிப் பணத்தில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்ததையும் மறுக்க முடியாது.

ஆனால் 25 கோடி என்று பலகையில் எழுதுகிறார்களே, அந்த ஓணம் பம்பர் விழுந்தவருக்கு 2022-இல் கைக்கு வந்தது சுமார் 15.75 கோடி. ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம், மீதியில் வருமான வரி 30 சதவீதம். சீட்டு விற்கும்போதே ஜிஎஸ்டி வேறு. 2025 செப்டம்பரிலிருந்து அது 40 சதவீதம்.

கீழக்கரை சபுராளி:
அது இந்தியாவின் வரி, லாட்டரியின் குற்றமில்லை சார். பிரிட்டனில் பரிசுக்கு வரியே கிடையாது.

தொண்டி வாத்தியார்:
வரி இல்லை, சரி. விழுமா? அங்கே 59 எண்ணில் ஆறு சரியாக வர வேண்டும். நாலரைக் கோடியில் ஒரு வாய்ப்பு. அமெரிக்காவின் பவர்பால் லாட்டரியில் 29 கோடியில் ஒன்று.

ராமேஸ்வரம் தீவான்:
கடலுக்கு அந்தப் பக்கத்தையும் பாருங்கள். இலங்கையில் லொத்தர், அதாவது லாட்டரி, நடத்த இரண்டு அரசு சபைகள். அதில் அபிவிருத்தி லொத்தர் சபையின் பணம் பல்கலைக்கழகப் பிள்ளைகளின் மகாபொல உதவித்தொகைக்கும் போகிறது.

பாம்பன் வலைக்காரி:
அப்பன் லாட்டரி வாங்கித்தான் பிள்ளை படிக்கணுமா? அதற்கு அந்தக் காசை நேராகப் பிள்ளை கையிலேயே கொடுக்கலாமே.

ராமேஸ்வரம் தீவான்:
கோபப்படாதீர்கள் அக்கா. ஸ்பெயினில் 1812-இலிருந்து ஒன்று நடக்கிறது. டிசம்பர் 22 கிறிஸ்துமஸ் குலுக்கல், பள்ளிப் பிள்ளைகள் எண்களைப் பாடிச் சொல்வார்கள். ஒரே எண்ணைப் பல தொடராக அச்சடித்துப் பத்துப் பத்துத் துண்டாக விற்பதால் ஊரே ஒரு எண்ணை வைத்திருக்கலாம். 2011-இல் சொடெட்டோ என்ற குட்டிக் கிராமத்தில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் முதல் பரிசு. வாங்காமல் விட்ட ஒருவரைப் பற்றித்தான் உலகமெல்லாம் எழுதினார்கள், பாவம்.

பாம்பன் வலைக்காரி:
இது வேற. வருஷத்துக்கு ஒரு தடவை, ஊரோடு சேர்ந்து. பொங்கலுக்கு ஒரே ஒரு சீட்டு என்றால் நானும் பேச உட்காருகிறேன். தினக் குலுக்கல் என்றால் எங்கள் கரைப் பக்கமே வேண்டாம்.

கீழக்கரை சபுராளி:
ஒரு நாள் குலுக்கலுக்கு எந்த அரசு தங்கச்சி தனித் துறை வைக்கும்? தினமும் விற்றால்தான் கஜானாவுக்கு வரும்.

பாம்பன் வலைக்காரி:
அதைத்தான் பாய் நானும் சொல்கிறேன்.