சுவிட்ச் லேயர் 2ன்னா, வீட்டு வைஃபை ரவுட்டர் எந்த லேயர்?

குழப்பவாதி24:
நெட்வொர்க் வேலைய ஏழு லேயரா பிரிக்கற ஓஎஸ்ஐ மாடல்ல ஹப் 1, சுவிட்ச் 2, ரவுட்டர் 3ன்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன், ஆனா நெட்வொர்க் கார்டுக்கு ஒரு புக்குல 1ன்னு இருக்கு இன்னொண்ணுல 2ன்னு இருக்கு, வீட்டு ரவுட்டர் பின்னாடி பாத்தா நாலு லேன் போர்ட், அப்ப அது சுவிட்ச் தானே? ராம், ப்ராசஸர்லாம் எங்க வரும்? திங்கக்கிழமை இன்டர்வியூ, யாராச்சும் சொல்லுங்கப்பா.

பழைய அட்மின்:
பெட்டிய வெச்சு லேயர் சொல்லாத தம்பி, வர்ற பாக்கெட்ட அது எதுவரைக்கும் பிரிச்சு படிக்குதுன்னு பாரு. ஹப் எதையும் படிக்காது, ஒரு போர்ட்ல வந்தத மத்த எல்லாத்துக்கும் தள்ளி விட்டுடும். சுவிட்ச், ஒவ்வொரு கார்டுக்கும் இருக்கற 48 பிட் மேக் அட்ரஸ படிச்சு, யாரு எந்த போர்ட்லன்னு டேபிள் போட்டுக்கும். ரவுட்டர் ஐபி அட்ரஸ் வரைக்கும் போகும். கார்டுக்கு ரெண்டு வேலை, வயர்ல சிக்னல் ஏத்தி இறக்கறது 1, டேட்டாவ ஃப்ரேமா கட்டி, வழியில கெட்டுச்சான்னு சிஆர்சி கணக்கு பாக்கறது 2, அதனால ரெண்டு புக்கும் பாதி சரி. உங்க வீட்டு டப்பாக்குள்ள சுவிட்ச், வைஃபை குடுக்கற ஆக்சஸ் பாயின்ட், ரவுட்டர் மூணும் கூட்டுக்குடித்தனம். வீட்டு ஐபிய வெளி ஐபியா மாத்தற நாட் (NAT) வேலைய பண்றப்ப போர்ட் நம்பரையும் (பின்னாடி இருக்கற லேன் போர்ட் இல்ல, எந்த ஆப்புக்குன்னு சொல்ற நம்பர்) மாத்துது, அது லேயர் 4 சமாச்சாரம். ஐபி குடுக்கற டிஹெச்சிபி, பாஸ்வேர்ட் மாத்தற செட்டிங்ஸ் பக்கம் எல்லாம் 7.

நைட் ஷிஃப்ட்:
ராம், ப்ராசஸருக்கு லேயரே கிடையாது. 1984ல ஐஎஸ்ஓ வெளியிட்ட இந்த மாடல் ரெண்டு சிஸ்டம் எப்படி பேசிக்கணும்ங்கறதுக்கு, உள்ள என்ன சிப்பு இருக்குன்னு அதுக்கு கவலையில்ல. லேயர் 4ல வர்ற டிசிபிய ஓஎஸ்ஸோட மையமான கெர்னல் பாத்துக்கும். இதுலயும் ஒரு கோக்குமாக்கு, இப்பத்த கார்டுங்க, டேட்டா கெட்டுச்சான்னு பாக்கற டிசிபி செக்சமையும் தானே போட்டுக்கும். கார்டுக்கு போறதுக்கு முன்னாடியே பாக்கெட்ட பிரிச்சு காட்டற வயர்ஷார்க் சாஃப்ட்வேர் அத புடிச்சுடறதால நம்ம பக்கத்துலருந்து போறதெல்லாம் செக்சம் தப்புன்னு காட்டலாம், அத நம்பி ஒரு சாயங்காலம் பூரா கேபிள மாத்தி மாத்தி போட்ட ஆளு நான்.

கிரிம்பிங் மன்னன்:
இன்டர்வியூல ட்ரபுள்ஷூட்டிங் தான் கேப்பாங்க. லிங்க் லைட்டு எரியுது ஆனா ஜிகாபிட் வேகம் வரல, 100 எம்பிபிஎஸ்லயே நிக்குதுன்னா என்னன்னு கேட்டா ரவுட்டிங் பக்கம் ஓடாத. 100க்கு ரெண்டு ஜோடி வயர் போதும், ஜிகாபிட்டுக்கு நாலும் வேணும். எங்க ஆபீஸ்ல ஒரு தடவ ப்ரவுன் ஜோடி கனெக்டர்க்குள்ள முழுசா போகல, அவ்ளோ தான் விஷயம். சுத்தமான லேயர் 1.

குழப்பவாதி24:
அண்ணே செம. அப்ப ஃபயர்வால் 3ஆ 4ஆ?

பழைய அட்மின்:
மறுபடியும் பெட்டிக்கே போற பாத்தியா. ஐபியும் போர்ட்டும் மட்டும் பாத்தா 3, 4. உள்ள வெப் பக்கத்த கொண்டு வர்ற ஹெச்டிடிபிய பிரிச்சு பாத்தா 7.