மறு: அண்டர்பாடி கோட்டிங் – அடிப்பூச்சா, அடிக்காப்பா?

எல்லாருக்கும் வணக்கம். நம்ம வண்டிக் கலைச்சொல் பட்டியல்ல அண்டர்பாடி கோட்டிங்குக்கு, அதாவது வண்டியோட அடித்தகடு துருப்பிடிக்காம இருக்க அடிக்கிற கோட்டிங்குக்கு, என்ன தமிழ்ச் சொல் வைக்கலாம்னு பேசிக்கிட்டு இருக்கோம்.

"அடிப்பூச்சு"ன்னு கிட்டத்தட்ட முடிவே ஆயிடுச்சு போல, அதுக்குள்ள ஒரு முட்டுக்கட்டை போட்டுக்கறேன். பெயின்ட் கடையில அடிப்பூச்சுன்னா ப்ரைமர். டிங்கரிங் முடிச்சு தகட்டுக்கு ரெட் ஆக்சைடு அடிக்கிறாங்களே, அது. அதே சொல்லை வண்டிக்கு அடியில அடிக்கிற கறுப்புச் சமாச்சாரத்துக்கும் வச்சா, கையேட்டுல "அடிப்பூச்சு காய்ந்தபின் அடிப்பூச்சு அடிக்கவும்"னு எழுதணும், படிக்கிறவன் ரெண்டு கோட் ப்ரைமர் அடிச்சிட்டு வேலை முடிஞ்சுதுன்னு போயிடுவான்.

இன்னொன்னு, எனக்கு இதுதான் பெரிய சங்கடம். பூச்சுன்னு சொன்னாலே மேல ஒண்ணைப் பூசிட்டா போதும்னு தோணுது. நான் இருக்கிறது தூத்துக்குடி. உப்பளக் காத்து, உப்பு லாரி ரோட்டுல சிந்திட்டுப் போற தண்ணி, போதாக்குறைக்கு வாட்டர் வாஷ்ல அடிக்கிறதும் உப்பு போர் தண்ணிதான். இங்க பழைய மாருதி 800 எதையாச்சும் பிடிச்சு டிரைவர் காலடி மேட்டைத் தூக்கிப் பாருங்க, பாதி வண்டியில தகடு பிஸ்கட் மாதிரி உதிரும். அப்படிப்பட்ட வண்டிக்கு துருவைச் சுரண்டாம அப்படியே ரப்பர் கோட்டிங் அடிச்சு விட்டா என்ன ஆகும்? உள்ள இருக்கிற ஈரமும் உப்பும் வெளிய வர வழியில்லாம அங்கயே கிடந்து அரிக்கும், துருவுக்கு இரும்பை விட இடம் நிறைய வேணும் அதனால அது ஊதி கோட்டிங்கைத் தகட்டுலேர்ந்து பிரிச்சு விடும், பிரிஞ்ச இடுக்குல இன்னும் தண்ணி நிக்கும். வெளிய இருந்து பார்த்தா கறுகறுன்னு புதுசு மாதிரியே இருக்கும், ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டினாத்தான் சத்தம் காட்டிக் கொடுக்கும். காசு குடுத்து துருவை மூடி வைக்கிறதை விட சும்மா விட்டுடுறதே மேல்னு சொல்லுவேன், கண்ணுக்காவது தெரியும்.

அதனால என் பரிந்துரை "அடிக்காப்பு". காப்புன்னா பாதுகாப்பு மட்டும் இல்ல, மேல சாத்துறதும் காப்புதான். சந்தனக்காப்பு, வெண்ணெய்க்காப்பு எல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதானே. ஸ்ரீரங்கத்துல மூலவர் சுதைத் திருமேனி, தண்ணி அபிஷேகம் கிடையாது, தைலக்காப்புதான். சாத்துறதும் காக்குறதும் ஒரே சொல்லுக்குள்ள ஏற்கனவே இருக்கு, நாம புதுசா எதையும் ஒட்ட வைக்க வேண்டாம்.

– தூத்துக்குடியிலிருந்து

———

வணக்கம் அண்ணை,

அடிக்காப்பு எனக்கும் பிடிச்சிருக்கு, அடிக்கிறதுக்குக் காப்பு எண்டு ஆரும் பகிடி விட்டாலும் பரவாயில்லை. ஆனா ரெண்டு விசயம்.

முதலாவது, அதுக்குள்ள மூண்டு வேலை கிடக்கு, ஒரு சொல்லால மூடினா நீங்கள் சொன்ன அதே ரப்பர் பிரச்சினைதான். தார், ரப்பர் மாதிரி இறுகிப்போறது ஒண்டு. மெழுகு, இல்லாட்டி செம்மறி ரோமத்தில வாற லனோலின் கொழுப்பு மாதிரி இறுகாமல் பிசுபிசுப்பாவே இருக்கிறது இன்னொண்டு, இது தகட்டு மடிப்புக்குள்ள ஊர்ந்து போகும், கீறுப்பட்டாலும் கொஞ்சம் தானே மூடும், ஆனா வருசா வருசம் திரும்பப் பார்க்கவேணும். மூண்டாவது கதவுக்குக் கீழ ஓடுற சில் பெட்டி மாதிரி உள்ளுக்குப் பொந்தா இருக்கிற இடங்களுக்கு நீட்டுக் குழாய் விட்டு அடிக்கிற மெழுகு. யாழ்ப்பாணத்தில இண்டைக்கும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் ஓடுது, சண்டைக் காலத்தில மண்ணெண்ணெயிலயே ஓடின கார்கள். அதுகளுக்குச் சாசி எண்டு தனி இரும்புச் சட்டகம் இல்லை, அடித்தகடும் சில் பெட்டியும்தான் எலும்பு. வெளியில எவ்வளவு கறுப்பு அடிச்சாலும் பெட்டி உள்ளுக்கால உக்கினா கார் நடுவால தொய்ஞ்சுபோம், கதவு பூட்டாது. எங்கட பழைய ஆக்கள் கழிவு எஞ்சின் ஒயிலைத்தான் அடிக்கிறவை, அதில அமிலமும் ஊத்தையும் கிடக்கு, ஒழுகி நிலத்தையும் கிணத்தையும் பழுதாக்கும், அதை நான் ஆருக்கும் சொல்லமாட்டன்.

ரெண்டாவது, நீங்கள் எல்லாரும் துரு துரு எண்டுறியள். எங்களுக்கு அது கறள். கலைச்சொல் பட்டியலில கறளுக்கும் ஒரு இடம் வேணும், குறைஞ்சது இணைச்சொல்லாவது.

பிறகு கறளுக்கு மேல பூசிற ரஸ்ட் கன்வேட்டர் எண்ட மருந்துக்கு "துருக்கொல்லி" எண்டு ஒராள் எழுதியிருந்தவர். அது ஒண்டையும் கொல்லிறேல்லை, வேற பொருளா மாத்துது, அவ்வளவுதான்.

– யாழ்ப்பாணத்திலிருந்து

———

தம்பி,

மூணாப் பிரிக்கணும்கிறது சரி. அப்ப இப்படி வச்சுக்கலாமா: மொத்த வேலைக்கும் அடிக்காப்பு. தார், ரப்பர் வகைக்கு "கீல்காப்பு", படகுக்குக் கீல், அதாவது தார், பூசுறதுன்னு கடற்கரையில எல்லாருக்கும் தெரியும். இறுகாத வகைக்கு "மெழுகுக்காப்பு". குழாய் விட்டு உள்ள அடிக்கிறதுக்கு "பொந்துக்காப்பு". கடைசி ஒண்ணு கொஞ்சம் கிராமத்துத்தனமா இருக்குன்னு யாராவது "உட்குழிவு"ன்னு ஆரம்பிப்பாங்க, மெக்கானிக்கிட்ட பொந்துன்னு சொல்லிப் பாருங்க, உட்குழிவுன்னு சொல்லிப் பாருங்க, எதுக்கு அவர் டார்ச் எடுக்கிறார்னு பார்த்துட்டு வந்து சண்டை போடுங்க.

கன்வெர்ட்டருக்கு "துருமாற்றி" போதும். பாஸ்பாரிக் அமிலம் போட்டா துரு இரும்பு பாஸ்பேட்டா மாறுது, டானின்ங்கிற துவர்ப்புப் பொருள் போட்டா கருநீலமா இரும்பு டானேட் ஆகுது. டானின் இருக்கிற கடுக்காயும் இரும்பு உப்பான அன்னபேதியும் கலந்து மசி பண்ணினவங்களுக்கு இந்த ரெண்டாவது வேதியியல் புதுசே இல்ல. ஆனா மேலாக உதிர்ற பொருக்கைக் கம்பி பிரஷ் போட்டு எடுத்தப்புறம் மிச்சமிருக்கிற துருவுக்குத்தான் அது, ஓட்டை விழுந்த தகட்டுக்கு இல்ல. ஓட்டைன்னா வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வெல்டு வைக்கணும், பட்டி போட்டு மூடுற பட்டறையில வண்டியை விடாதீங்க.

கறளை இணைச்சொல்லா சேர்த்துட்டேன். "கறள்மாற்றி"யும்.

வரையறை இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கேன், திருத்துங்க: "அடிக்காப்பு – வண்டியின் அடித்தகட்டைக் கழுவி, உலர்த்தி, துரு நீக்கி, அடிப்பூச்சு இட்டபின் ஈரமும் உப்பும் படாமல் காக்க மேலே இடும் படலம், அவ்வேலை." காப்புக்கு முன்னாடி செய்ய வேண்டியதை வரையறைக்குள்ளயே நுழைச்சிருக்கேன், அகராதிக்காரங்க முகம் சுளிப்பாங்க, சுளிக்கட்டும்.

இன்னும் ஒரு சொல் பாக்கி. சில் பெட்டி, கதவு இதுக்கெல்லாம் அடியில தண்ணி வடிய சின்னச் சின்னத் துளை இருக்குமே, கோட்டிங் அடிக்கிற பையன் முதல் வேலையா அதைத்தான் அடைப்பான், மழைத்தண்ணி உள்ளயே தேங்கிடும். அதுக்கு "வடிதுளை"ன்னு நினைக்கிறேன். "நீர்ப்போக்கி"ன்னு ஒருத்தர் தனி மடல்ல சொன்னார், எனக்கு அது குழாய் மாதிரி கேக்குது. ஐப்பசி மழைக்கு முன்னாடி பட்டியலை அனுப்பிடணும், அதுக்குள்ள யோசிச்சு எழுதுங்க.

– தூத்துக்குடியிலிருந்து